அடைத்த அறையும் திறந்த வாக்குச்சாவடியும்

நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்தில் 1932-ல் பிறந்தவர் கிருஷ்ணன் நம்பி. 1976-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. எழுதியது குறைவுதான்: கொஞ்சம் சிறுகதைகள், சசிதேவன் என்ற பெயரில் குழந்தைகளுக்கான பாட்டுகள். நண்பர் சுந்தர ராமசாமி 'நினைவோடை' வரிசையில் அவரைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆனாலும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியே பெரும்பாலான வாசகர்கள் நம்பியை ஒரே கதையை வைத்துத்தான் அறிவார்கள். அது 'மருமகள் வாக்கு'.

அந்தக் கதையை இன்னொரு கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதி, 1892 ஜனவரியில் 'நியூ இங்கிலாண்ட் மேகசின்' இதழில் வந்த 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற கதை அது. ஆங்கில இலக்கியம் எடுத்துப் படிக்கிற நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த அமெரிக்கக் கதை பழக்கமானது. பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் பிறந்த ஒருவர் எழுதிய அந்த மற்றக் கதையை அவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

இரண்டுமே வீட்டுக்குள் அடைபட்ட ஒரு மனைவியின் கதை. இரண்டிலும் கொடுமை நடக்கிறது, ரத்தம் சிந்துவதில்லை. கொடுமை செய்கிறவர்கள் தாங்கள் கொடுமை செய்வதாக நினைப்பதும் இல்லை. ஒற்றுமை இதோடு முடிந்துவிடுகிறது. கில்மனின் கதாநாயகிக்கு அறை உண்டு, கம்பி உண்டு, மாடிப்படித் தலைப்பில் கதவு உண்டு. நம்பியின் ருக்மிணிக்கு அப்படி எதுவும் இல்லை. அவள் தெருவில் இறங்கி நடக்கிறாள், வாக்குச்சாவடிக்குப் போகிறாள், மறைப்புக்குப் பின்னால் தன்னந்தனியாக நிற்கிறாள். இரண்டில் ருக்மிணியின் சிறைதான் கொடியது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன் இரண்டு கதைகளின் பின்னணியையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலில் கில்மன். அவர் பிறந்தது 1860-ல். 1884-ல் சார்லஸ் வால்டர் ஸ்டெட்சன் என்ற ஓவியரை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த பிறகு அவரைக் கடுமையான மனச்சோர்வு பிடித்துக்கொண்டது. 1887-ல் பிலடெல்பியாவில் இருந்த சைலஸ் வெயர் மிட்சல் என்ற பெயர்பெற்ற நரம்பு மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார். மிட்சல் கொடுத்ததன் பெயர் ஓய்வுச் சிகிச்சை. நோயாளி வாரக்கணக்கில் படுத்தே இருக்க வேண்டும். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தைக்கக் கூடாது, ஆரம்பத்தில் எழுந்து உட்காரக்கூட அனுமதி இல்லை. வீட்டாரைப் பார்க்கவும் தடை. உடம்பு பிடித்துவிட ஓர் ஆள், மின்சாரத்தால் தசைகளைத் தூண்டிவிட ஒரு கருவி, அப்புறம் பால். இரண்டு மணிக்கு ஒரு தடவை பால் என்று தொடங்கி, போகப்போக அளவைக் கூட்டிக்கொண்டே போய் உடம்பைத் தேற்றுவார்கள்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மிட்சல் சொன்ன புத்திமதியை கில்மன் பிற்பாடு 1913-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் சொல்கிறார். முடிந்த மட்டும் வீட்டுக்காரியமே கதி என்று இரு, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கொடுக்காதே, ஆயுள் இருக்கும்வரை பேனாவையும் தூரிகையையும் தொடாதே. மூன்று மாதம் அவர் இதை அப்படியே கடைப்பிடித்தார். சித்தம் கலங்குகிற விளிம்புவரை போய்விட்டு, பிறகு எல்லாவற்றையும் உதறிவிட்டு எழுத உட்கார்ந்தார். அப்படி வந்ததுதான் இந்தக் கதை.

இதே மிட்சல், நரம்புத் தளர்ச்சி என்று வந்த ஆண்கள் சிலருக்குச் சொன்ன மருந்து வேறு. மேற்கே போ, குதிரை ஏறு, மாட்டுப் பண்ணையில் கொஞ்ச நாள் இரு என்றார். ஓவன் விஸ்டர் என்ற எழுத்தாளர் 1885-ல் வயோமிங் போனது மிட்சலின் யோசனைப்படிதான். ஆண் நோயாளிக்குப் பரந்த வெளி, பெண் நோயாளிக்குக் கட்டில். மருத்துவ நூல் எதுவும் இதைத் தண்டனை என்று சொல்லவில்லை.

கதையில் வரும் பெண்ணுக்குப் பெயர் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. அவளே எழுதுகிற ரகசியக் குறிப்புகளாகத்தான் கதை நகர்கிறது. கணவன் ஜான் ஒரு மருத்துவன். அவளுடைய அண்ணன் தம்பியில் ஒருவனும் மருத்துவன்தான். கோடைக்கு மூன்று மாதம் வாடகைக்கு எடுத்த பெரிய பழைய வீடு. கீழே ரோஜாக் கொடி படர்ந்த ஜன்னல் உள்ள அறையைக் கேட்கிறாள். ஜான் மாடியில் குழந்தைகளுக்கென்று இருந்த அறையைத் தருகிறான். ஜன்னலில் கம்பிகள். சுவரில் வளையங்கள். கட்டில் தரையோடு ஆணி அடித்துப் பொருத்தியது. சுவரில் ஒட்டிய காகிதத்தின் மஞ்சள் நிறமும் ஒழுங்கில்லாத கோலமும் அவளுக்குப் பிடிக்கவில்லை, மாற்றலாமா என்கிறாள். முதலில் சரி என்றவன் அப்புறம் மறுக்கிறான். இன்றைக்குச் சுவர்த்தாளை மாற்றினால் நாளைக்குக் கட்டில் என்பாய், அடுத்து ஜன்னல் கம்பி என்பாய், பிறகு மாடிப்படிக் கதவு என்பாய் என்பது அவன் வாதம். அறையில் அவளை எதெது அடைத்து வைத்திருக்கிறதோ அத்தனையையும் அவனே வரிசையாகச் சொல்லிவிடுகிறான், தான் சொல்வது இன்னதென்று தெரியாமலே. கதையில் நான் மிகவும் மதிக்கிற இடம் இது.

ஜான் கெட்டவன் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைக்கிறான், படித்துக் காட்டுகிறான், சின்னப் பிள்ளையைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சுகிறான். மீன் எண்ணெய், சத்து மருந்து, இறைச்சி எல்லாம் வேளாவேளைக்கு வருகிறது. இந்தக் கதையை என் மைனியிடம் (அண்ணியிடம்) தமிழில் சொன்னபோது அவர் பாதியில் நிறுத்தி, "இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைச்சா நாங்க கும்பிட்டுல்லா இருந்திருப்போம்" என்றார். அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விடிவதற்கு முன் எழுந்து, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்து பழகிய ஒரு பெண்ணுக்கு, சும்மா படுத்திரு என்று சொல்கிற கணவன் கொடுமைக்காரனாகத் தெரிவது கஷ்டம்தான். அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. 'மருமகள் வாக்கு'டன் சேர்த்துப் பார்த்தபோதுதான் பதில் தெளிந்தது.

அந்தக் கதைக்கு வருவோம். மறுநாள் தேர்தல். கிளிச் சின்னத்தில் வீரபாகுக் கோனார், பூனைச் சின்னத்தில் மாறியாடும் பெருமாள் பிள்ளை. ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அக்கிரகாரத் தெரு கிளிக்கு. அந்தத் தெருவில் மீனாட்சி அம்மாள் என்ற மாமியார், அவள் மகன், மருமகள் ருக்மிணி. வீட்டில் ஒரு பசு. வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்சப் பாலில் தண்ணீர் சேர்த்து விற்கிறாள் மீனாட்சி அம்மாள். வீட்டின் அதிகாரம் முழுக்க அவள் கையில். உழைப்பு முழுக்க ருக்மிணிக்கு. மகன் என்று ஒருவன் இருக்கிறான், ஆனால் கதைக்குள் அவன் ஒரு நிழல்.

பாலை வைத்தே இரண்டு சிறைகளையும் ஒப்பிட்டுவிடலாம். அங்கே ஒருத்திக்கு வேண்டாம் என்றாலும் ஊட்டுகிறார்கள், விரலைக்கூட அசைக்க விடுவதில்லை. இங்கே ஒருத்தி பசுவோடும் அடுப்போடும் ஓயாமல் மல்லுக்கட்டுகிறாள், பாலோ விலைக்குப் போகிறது. ஒரு வீட்டில் வேலை செய்யத் தடை, மற்ற வீட்டில் வேலையை நிறுத்தத் தடை. வெளியில் இருந்து பார்த்தால் முதல் வீடு சொர்க்கம், இரண்டாவது நரகம். ஆனால் இரண்டு வீட்டிலும் எதை, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்கிற உரிமை அந்தப் பெண்ணிடம் இல்லை. என் மைனிக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். ஜான் தருகிற ஓய்வை அவள் கேட்டு வாங்கவில்லை. அவள் கேட்டது பேனா, கொஞ்சம் மனித முகங்கள், கீழ்வீட்டு ஜன்னல். மூன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம், காவல் காக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். கில்மனின் கதையில் ஜானின் சகோதரி ஜென்னி வீட்டைக் கவனித்துக்கொள்கிறாள். எழுத்துதான் இவள் நோய்க்குக் காரணம் என்று அவள் உறுதியாக நம்புகிறாள். ஆகவே ஜென்னியின் காலடிச் சத்தம் கேட்டால் இவள் காகிதத்தை மறைத்துவிட வேண்டும். ஜென்னி அன்பானவள், வேலையில் கெட்டிக்காரி. ஆண் இல்லாத நேரத்தில் ஆணின் சட்டத்தை நடத்திக்கொடுப்பவளும் அவள்தான். நம்பியின் கதையிலோ ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சட்டத்தைப் போடுபவளும் நடத்துபவளும் மீனாட்சி அம்மாளே.

நாஞ்சில் நாட்டு இலக்கியத்துக்கு இந்த மாமியார் புதியவள் அல்ல. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' முழுக்க ஒரு மனைவியின் வாய்மொழியாக நடக்கிறது. பேசுகிறவள் ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாவது மனைவி. அதில் 'மாமி அரசியற் படலம்' என்று ஒரு பகுதியே உண்டு. வீட்டை ஓர் அரசாகவும் மாமியாரை அதன் ஆட்சியாகவும் அன்றைக்கே பார்த்துவிட்டார் கவிமணி. ஆனால் மான்மியத்தில் கொடுமைக்குப் பின்னால் ஒரு சொத்துச் சட்டம் இருந்தது. அன்றைய நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து சகோதரியின் மக்களுக்குப் போயிற்று. மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் கணவன் கண்ணை மூடினால் திண்டாட வேண்டியதுதான். 1926-ல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது, நிலைமை மாறத் தொடங்கியது. கவிமணியின் மனைவிக்குச் சட்டம் ஒரு வழியைத் திறந்துவிட்டது என்று சொல்லலாம்.

ருக்மிணியின் வீடு வேறு சாதி, வேறு வாரிசு முறை. அவளை அந்த வீட்டில் கட்டிப்போட்டிருக்கும் சட்டம் என்று எதையும் எடுத்துக் காட்ட முடியாது. அவளுக்குச் சட்டம் கொடுத்ததெல்லாம் நல்லதுதான். அதில் பெரியது வாக்குரிமை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கில்மன் தன் வாழ்நாளில் பெண்களின் வாக்குரிமைக்காக மேடை மேடையாகப் பேசியவர். அவர் கதை வெளிவந்தபோது அமெரிக்கப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு கிடையாது. அரசியல் சட்டத்தின் 19-வது திருத்தம் 1920-ல்தான் வந்தது. நம் பக்கத்திலோ 1948-ல் திருவிதாங்கூரில் வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்ற அடிப்படையில் தேர்தலே நடந்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் பிறப்பதற்கு முன்பே இங்குள்ள பெண்கள் வாக்காளர்கள். அதற்காக எல்லா இடத்திலும் அது எளிதாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வடக்கே பல பகுதிகளில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் பதிந்துகொண்டார்கள். அப்படிப் பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பேரைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிவந்தது. பெயர் இல்லாமல் வாக்கு இல்லை என்று ஆணையம் உறுதியாக நின்றது.

ருக்மிணிக்குப் பெயர் இருக்கிறது, பட்டியலில் இடம் இருக்கிறது. இதற்கும் மேலே, ரகசியம் இருக்கிறது. ரகசிய வாக்கு என்ற ஏற்பாட்டின் நோக்கமே இதுதான்: பண்ணையார், முதலாளி, புருஷன், மாமியார் யாராக இருந்தாலும் அந்த மறைப்புக்கு வெளியே நிற்க வேண்டும், உள்ளே ஒரே ஒரு ஆள். அரசு ஒரு குடிமகளுக்குச் செய்து தரக்கூடிய தனிமையில் இதைவிடப் பெரியது இல்லை. அரை நிமிடம்தான், ஆனாலும் முழுக்க அவளுடையது.

கிளிக்குப் போட வேண்டும் என்பது மாமியார் கட்டளை. ருக்மிணியின் மனம் பூனைக்கு. சாவடிக்குப் போகிற அந்த நேரமே அவளுக்கு ஒரு விடுமுறைபோல இருக்கிறது. வீட்டுக்குள் நாம் பார்த்த ருக்மிணி வேறு, வெளியே வந்த ருக்மிணி வேறு. நம்பி இந்தப் பகுதியை அவசரப்படாமல் எழுதுகிறார். படிக்கிற நமக்கே மூச்சு கொஞ்சம் இலகுவாகிறது. உள்ளே போகிறாள், முத்திரையைக் கையில் எடுக்கிறாள், பூனையை நோக்கிக் கை போகிறது. அப்போது அவள் கைமேல் இன்னொரு கை வந்து கவிகிறது. அவள் கையைப் பிடித்து இழுத்துக் கிளியின்மேல் முத்திரையைப் பதிக்கிறது. அது மாமியாரின் கை. சுற்றிலும் பார்த்தால் யாரும் இல்லை.

அதுவரை தேர்தல் கலாட்டா, தெருப்பேச்சு, பால் கணக்கு என்று வெளிச்சமாகப் போய்க்கொண்டிருந்த கதையில் திடீரென்று இப்படி ஒரு கை. பேய்க்கதை எழுதுகிறவர் இதற்குப் பத்துப் பக்கம் இருட்டைத் தயார்செய்திருப்பார். நம்பி ஒரு தயாரிப்பும் செய்வதில்லை. அதனால்தான் அது இத்தனை நிஜமாக விழுகிறது. மாமியாரின் குரல், கண், கணக்கு எல்லாம் இத்தனை வருஷமாக அந்த உடம்புக்குள் இறங்கி, கடைசியில் கையாகவே முளைத்துவிட்டது.

நம்ப முடியாத ஒரு தற்செயல் இங்கே இருக்கிறது. கில்மனைப் படுக்கவைத்த அதே வெயர் மிட்சல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். கையோ காலோ வெட்டி எடுக்கப்பட்ட பிறகும் அது இன்னும் இருப்பதாக, வலிப்பதாக, விரல் மடங்குவதாக அவர்கள் சொன்னதைப் பதிவுசெய்தவர். 1871-ல் அந்த இல்லாத உறுப்புக்கு மாய உறுப்பு என்ற பொருளில் மருத்துவம் இன்றும் வைத்திருக்கும் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான். உடம்பை விட்டுப் போன பிறகும் நரம்பு ஒரு கையை நினைவில் வைத்திருக்கும் என்று கண்டு எழுதிய மனிதருக்கு, பெண்களின் நரம்புகள் வேறு எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. நம்பி மிட்சலைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்கிரகாரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலே போதும், இந்தக் கை தெரிந்திருக்கும்.

இதுபோல இல்லாத ஓர் உருவம் கில்மனின் சுவர்த்தாளிலும் இருக்கிறது. மஞ்சள் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து ஊர்கிறாள், கம்பிகளைப் பிடித்து உலுக்குகிறாள். அடைபட்டவள் அவளைப் பார்க்கிறாள், அவளுக்காகத் தாளைக் கிழிக்கிறாள், கடைசியில் அவளாகவே ஆகிவிடுகிறாள். அறையைப் பூட்டிக்கொண்டு சாவியை வெளியே எறிகிறாள். கதவைத் திறந்து உள்ளே வரும் ஜான் மயங்கி விழுகிறான். சுவரோரமாக ஊர்ந்துகொண்டிருப்பவள், பாதையில் கிடக்கும் அவன்மேல் ஏறித்தான் ஒவ்வொரு சுற்றும் போக வேண்டியிருக்கிறது. சித்தம் போய்விட்டது, உண்மை. விலை மிகப் பெரியது. ஆனால் அந்த இல்லாத பெண் இவள் பக்கம் நின்றவள். இவளுக்குள் அடங்க மறுத்த ஏதோ ஒன்றுதான் அந்த உருவமாக வெளியே வந்தது. மருத்துவன் மயங்கி விழ, நோயாளி முழித்திருக்கிறாள்.

ருக்மிணிக்கு வந்த இல்லாத கை எதிர்ப்பக்கத்தைச் சேர்ந்தது. அவள் மனசின் அடியில் தோண்டினால் வெளிவருவது கலகக்காரி அல்ல, காவல்காரி. ருக்மிணியின் சிறை கொடியது என்று நான் முன்னே சொன்னதற்குக் காரணம் இதுதான். ஜானின் வீட்டில் கதவைத் திறந்துவிட்டால் அந்தப் பெண் எங்கேயாவது போயிருப்பாள். கில்மன் நிஜவாழ்வில் போகவும் செய்தார். கணவரைப் பிரிந்தார், 1894-ல் விவாகரத்தும் ஆயிற்று. ருக்மிணிக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. திறந்த வாசல் வழியாக அவள் போகிற இடத்துக்கெல்லாம் அந்தக் கையும் கூடவே போகும்.

பூனைக்குக் குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றுமே ஆகியிருக்காது. மாமியாருக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. ஒரு வாக்கால் ஊர் முடிவு மாறிவிடவும் போவதில்லை. தண்டனைக்கு வழியே இல்லாத இடத்தில் வந்து விழுகிறது இந்தக் கீழ்ப்படிதல். பயம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. பயத்துக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும்.

கதை அத்தோடு முடியவும் இல்லை. வெளியே வந்தவளைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு யாருக்குப் போட்டாய் என்று கேட்கிறார்கள். தன்னை அறியாமலே அவள் வாயிலிருந்து வருகிற பதில்: என் மாமியாருக்கு. கூடி நின்ற பெண்கள் பெரிதாகச் சிரிக்கிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கண்ணீரோடு நகர்கிறாள்.

கதையிலேயே கொடூரமான இடம் எது என்று என்னைக் கேட்டால் அந்தக் கையைவிட இந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன். சிரிக்கிற பெண்களும் யாருடைய வீட்டுக்கோ மருமகள்கள்தான். அவர்களில் எத்தனை பேர் தங்கள் கையாலேயே குத்திவிட்டு வந்தார்கள் என்று நம்பி சொல்வதில்லை. ஆனால் அவர்கள் சிரிக்கிற அந்தக் கணத்தில் ருக்மிணி மட்டும் தனியாகிவிடுகிறாள். ஜென்னி காவலுக்கு இருந்தாள், உண்மைதான். ஆனால் கேலி செய்யவில்லை. கில்மனின் கதையில் அடைபட்டவள் தன் குறிப்புகளைக் காகிதத்திடமாவது சொல்ல முடிந்தது, அதன் மறுமுனையில் வாசகர் இருந்தார். ருக்மிணி ஒரே ஒரு உண்மையை வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் அது தெருவுக்கு வேடிக்கையாயிற்று.

மீனாட்சி அம்மாளை அரக்கியாக்கி நம்பி நம்மிடம் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளுடைய சாமர்த்தியத்தை, பேச்சை, கணக்கை அவர் ரசித்தே எழுதுகிறார். அக்கிரகாரத்துப் பெண்ணுக்கு ஒரே ஒரு ஆட்சிப் பீடம்தான் வாய்க்கும், அதுவும் மருமகளாக இருந்து முடித்த பிறகு. மீனாட்சி அம்மாளின் கைமேல் ஒரு காலத்தில் யாருடைய கை கவிந்திருந்ததோ, கதை அதற்குள் போவதில்லை, நாம் யூகித்துக்கொள்ளலாம். இதற்காக அவளை மன்னித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜானை மன்னிக்காதவர்கள் இவளையும் மன்னிக்க வேண்டியதில்லை.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, 91.75 சதவீதம். இந்த எண்ணை மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் எத்தனை பவுன் என்ற பேச்சு முடியாமல் இங்கே எத்தனை கல்யாணம் நிச்சயமாகிறது? பட்டம் வாங்கி, வேலைக்கும் போய், தேர்தல் தவறாமல் விரலில் மை வைத்துக்கொள்கிற பெண்கள், வாங்கிய சம்பளத்தில் ஒரு புடவை எடுக்கலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பதை நான் இன்றும் கேட்கிறேன். கில்மன் 1898-ல் எழுதிய பொருளாதார நூலில், பிழைப்புக்கு ஒரு ஆணை நம்பியிருக்கும்வரை பெண்ணுக்கு வேறு எந்த விடுதலையும் நிற்காது என்று வாதிட்டார். ருக்மிணி கையில் காலணா கிடையாது, ஆகவே அவள் விஷயத்தில் அந்த வாதம் அப்படியே பொருந்தும். சம்பளம் வாங்கியும் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பவளை விளங்கிக்கொள்ள அந்த வாதம் போதவில்லை. அதற்கு நம்பிதான் வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்கள் யாராவது இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் வைக்க நினைத்தால், 'மருமகள் வாக்கு'டன் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்வேன். கில்மனை முதலில் படித்தால் கம்பியும் ஆணியடித்த கட்டிலும் மனசில் ஊன்றிவிடும். அப்புறம் ருக்மிணியின் வீட்டுக்கு வந்து கம்பி எங்கே என்று பிள்ளைகள் தேடுவார்கள், காணாவிட்டால் இது ஏதோ மாமியார் மருமகள் சண்டை என்று கடந்துபோய்விடுவார்கள். நம்பியை முதலில் படித்தவர்கள் ஜானின் வீட்டுக்குப் போகும்போது கம்பியைப் பார்த்துப் பதற மாட்டார்கள். அவன் கொஞ்சுகிற குரலைத்தான் முதலில் கவனிப்பார்கள்.